காலேஜுக்குப் போன கடவாப்பல்லு

உக்காருங்கப்பா, எல்லாரும் உக்காருங்க. நடராஜா, அந்தப் பாய இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடு. பொன்னம்மாக்கா, உன் பேச்ச நிறுத்து. பாயசம் வர்ற வரைக்கும் எல்லாரும் வாய மூடிக்கிட்டு என் வாயப் பாருங்க. ஆ... தெரியுதா? கீழ் வரிசை, எடது பக்கம், கடைசிக்கு முந்தினது. ஓட்ட. சும்மா ஓட்ட இல்ல. நான் டிக்கெட் கிழிக்கிற செமாபோக் பஸ்சு உள்ள போயி ரிவர்ஸ் எடுத்துட்டு வரலாம்.

அந்த ஓட்டையோட கததான் இது.

நாளைக்குக் காலையில என் மச்சினன் தனபாலன் சிங்கப்பூருக்குப் போறான், பல் டாக்டருக்குப் படிக்க. அதுக்குத்தான் இந்த விருந்து. வந்ததுலேருந்து எல்லாரும் என்ன சொல்றீங்க? "தனபாலன் மூள! தனபாலன் கை!" ஒருத்தராவது "சுப்பையன் பல்லு"ன்னு சொன்னீங்களா? சொல்ல மாட்டீங்க. உள்ள நடந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும். இன்னிக்கு ஒடச்சிடறேன்.

அதோ, மூலையில உக்காந்திருக்கான் பாருங்க. ஆறு மாசம் எங்க வீட்டுல இருந்தான். நான் அவன் வாயிலேருந்து கேட்டது ஒரே ஒரு எழுத்து. "ம்." சோறு போதுமா? ம். மழ வருதா? ம். வீடு தீப்புடிச்சாலும் ம்தான்.

நாட்டு சுதந்திரத்துக்கு, அந்த மெர்டேக்காவுக்கு, நாள் குறிச்சிருந்த நேரம். ஊரெல்லாம் வெள்ளக்காரன் கெளம்பப் போறான், கெளம்பப் போறான்னு ஒரே பேச்சு. அப்பப் பாத்துத்தான் இவன் பெட்டியத் தூக்கிட்டு காஜா பெராங்குல எங்க வீட்டுல வந்து எறங்கினான். அங்க ஒருத்தன் எழுந்திரிக்கிறான், இங்க ஒருத்தன் உக்காந்துட்டான். எங்க உக்காந்தான்? என் பிரம்பு நாற்காலியில. ஜன்னல் ஓரம். ஏழு வருஷமா நான் உக்காந்து உக்காந்து எனக்குன்னு பள்ளம் விழுந்த நாற்காலி.

என் வீட்டுக்காரி கமலவேணி சொல்றா, அவ கொரல்லயே சொல்றேன்:

"ஏங்க, நீங்க அந்த முக்காலியில உக்காருங்க. தம்பி படிக்கணும்."

"நாள் முழுக்க பஸ்சுல நின்னுட்டு வர்றேன், வேணி."

"அதான் நின்னு பழகிடுச்சே."

சரி, நாற்காலி போச்சு. காலையில பசியாற உக்காந்தா, அவன் தட்டுல அரை வேக்காட்டு முட்ட ரெண்டு. என் தட்டுல ரொட்டி ஓரம்.

"எனக்கு முட்ட எங்க?"

"தம்பிக்கு மூளைக்கு வேணும்."

"எனக்கு மூள வேணாமா?"

"இத்தன நாள் இல்லாமத்தானே சமாளிச்சீங்க?"

மீன் தல அவனுக்கு. கப்பு நெறைய மைலோ அவனுக்கு. சட்டைக்குக் கஞ்சி போட்டது அவனுக்கு. சட்ட போட்டுக்கிட்டு அவன் எங்க போறான்? நாற்காலிக்கு! என் சட்ட பஸ்சுல நூறு பேரு முன்னால கசங்கிக் கெடக்குது.

அதெல்லாம்கூட பொறுத்துக்குவேன்யா. ஒண்ணுதான் பொறுக்கல. ஒங்களுக்குத் தெரியும், நான் வேல முடிஞ்சு வந்தா அன்னிக்கு பஸ்சுல வந்த ஆளையெல்லாம் நடிச்சுக் காட்டுவேன். வாத்தைக் கூடையில வச்சுக்கிட்டு "வாத்துக்கு எதுக்கு டிக்கெட்டு? அதுதான் உக்காரவே இல்லியே!"ன்னு சண்ட போட்ட சீனப் பொம்பள, அந்த நோஞ்ஞா. டிக்கெட்ட சோதிக்கிறேன்னு ஏறி, தூங்கிப்போயி செமாபோக்குல முழிச்சுக்கிட்ட செக்கரு. கமலவேணி வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிப்பா. கண்ணுல தண்ணி வரும். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் நாளெல்லாம் பஸ்சுல கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பேன்.

இவன் வந்த அன்னிக்கு சாயங்காலம் வாத்துக்காரிய ஆரம்பிச்சேன். "க்வாக்"னு சொல்லி முடிக்கல.

"ஷ்ஷ்! தம்பி படிக்குது!"

ஆறு மாசம்யா. ஆறு மாசம் வாத்து என் தொண்டைக்குள்ளயே கெடந்துச்சு.

அன்னிக்கே முடிவு பண்ணுனேன். நாட்டுக்கு மெர்டேக்கா வர்றதுக்குள்ள என் நாற்காலிக்கு மெர்டேக்கா! என் முட்டைக்கு மெர்டேக்கா! சத்தமா சொல்லல. தம்பி படிக்குதுல்ல?

எப்படின்னு தெரியாம இருந்தப்பத்தான் குளிக்கிற சவுக்காரம் வந்துச்சு. அந்தக் காலேஜு சோதனையில எழுதினா மட்டும் பத்தாதாம். கையில ஒரு சவுக்காரக் கட்டியும் சின்னக் கத்தியும் குடுத்து, "பல்லு செதுக்கு"ம்பாங்களாம். கை சுத்தமா வேல செய்யுதான்னு பாக்க. இவன் உக்காந்து செதுக்குனான். மொதக் கட்டி இட்டிலி மாதிரி வந்துச்சு. ரெண்டாவது கொய்யாக்கா. மூணாவது, கோவிச்சுக்காத நடராஜா, அப்படியே உன் மூக்கு. நான் குளிக்கப் போனா சவுக்காரமே இல்ல, பல்லுதான் இருக்கு. ஒரு மாசம் கடவாப்பல்லாலதான் முதுகு தேச்சேன்.

கமலவேணிக்கு ஒரே கவல.

"புள்ள என்ன பண்ணுவான்? புஸ்தகத்துல படம் தட்டையா இருக்கு. வேரு எப்படிப் போவுது, எங்க வளையுதுன்னு அதுல எங்க தெரியுது? நெசப் பல்லு ஒண்ணு முழுசா கெடச்சா பாத்துச் செதுக்கிடுவான்."

வீடு வீடாப் போயி கேட்டா. ஒங்க எல்லார் வீட்டுக்கும் வந்தாளே! பொன்னம்மாக்கா, நீதான் நாலு குடுத்த. புண்ணியவதி. ஆனா அக்கா, நாலும் எலி கடிச்ச பாக்கு. ஒண்ணுல தல இல்ல, ஒண்ணுல கால் இல்ல. தனபாலன் அதப் பாத்துட்டு "ம்"ன்னான். ரொம்பச் சோகமான "ம்".

அப்பத்தான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. இந்த வீட்டுல இப்ப பல்லுக்குத்தானே மரியாத? அப்ப எனக்கும் பல்லு இருக்கே! முப்பத்திரெண்டும் கல்லு மாதிரி!

மறுநாள் தாடையச் சுத்தி துண்டு கட்டிக்கிட்டு "ஐயோ, அம்மா"ன்னு வாசல்ல வந்து சாஞ்சேன். என் நடிப்பு ஒங்களுக்குத் தெரியாதா?

"என்னங்க ஆச்சு?"

"பல்லு வேணி... உயிரு போவுது..."

"ஐயய்யோ! தம்பி, எழுந்திரு, மாமா உக்காரட்டும்."

கேட்டீங்களா? எழுந்திருன்னுட்டா! ஆறு வாரம் கழிச்சு என் பள்ளத்துல நான் போயி விழுந்தேன். மைலோ வந்துச்சு. முட்ட வந்துச்சு, ரெண்டு! கெட்டியா எதையும் மெல்ல முடியாதுன்னு மீன முள்ளெடுத்து பெசஞ்சு ஊட்டிவிட்டா. கல்யாணம் ஆன புதுசுலகூட ஊட்டல! இவன் முக்காலியில உக்காந்து படிக்கிறான். நான் ஜன்னல் காத்துல மொனகறேன். சொர்க்கம்யா.

மூணாம் நாளு கமலவேணி கேட்டா:

"நேத்து வலது பக்கம்னீங்க. இன்னிக்கு துண்ட எடது பக்கம் புடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

மாட்டிக்கிட்டேன். ஆனா விட்டேனா?

"வலி நடக்குது, வேணி. சும்மா ஒரே எடத்துல நிக்க அது என்ன கண்டக்டரா?"

"அப்படியா? தம்பி, மாமா வாய கொஞ்சம் பாரு."

அவ பவுடர் டப்பாக் கண்ணாடியும், ஒரு கரண்டிக் காம்பும் எடுத்துட்டு வந்தான். "ஆ காட்டுங்க"ன்னு அவன் அக்காதான் சொன்னா, அவன் எங்க சொல்லப் போறான். நான் ஆ. அவன் ஒவ்வொரு பல்லாத் தட்டறான், தாள்ல வரையறான். தட்டறான், வரையறான். அர மணி நேரம்! அதுக்கப்புறம் தெனமும் அர மணி நேரம்! யாருக்கு? பஸ்சுல தூங்குறவன ஒரே சத்தத்துல எழுப்பற எனக்கு! ஒரு வார்த்த பேச முடியல. "வேணி, தண்ணி"ன்னா "ஏணி, அண்ணி"ன்னு வருது. பொன்னம்மாக்கா வேலிகிட்ட வந்து, "என்ன கமலவேணி, வீட்டுல யாரும் இல்லியா? நாலு நாளா சத்தமே காணோம்?"ன்னு கேக்குது.

"அவரு இருக்காருக்கா. வாயத் தொறந்துட்டு இருக்காரு, அதான் அமைதியா இருக்கு."

ஒரு வாரம் கழிச்சு இவன் ஒரு பல்லு மேல பென்சில்ல ஒரு கோடு போட்டான். அக்காவப் பாத்தான். "ம்"ன்னான். கமலவேணி, "இதான் வலிக்குதாம்!"ங்கறா.

எனக்குச் சிரிப்பு தாங்கல. இல்லாத வலிய கண்டுபுடிச்சிட்டான் பாருங்க, இவனெல்லாம் டாக்டரு! ஆனா நல்லதாப் போச்சு. ஆமாமா, அதேதான்னுட்டேன்.

"அப்ப கெளம்புங்க, புடுங்கிடலாம்."

தூக்கிவாரிப் போட்டுச்சு. "புடுங்கவா? இல்ல வேணி, கொஞ்சம் கொறஞ்ச மாதிரி..."

"கொறஞ்சிடுச்சா? ரொம்ப நல்லது. தம்பி, நாற்காலிக்கு வா."

அவன் ஒரு கால எடுத்து வச்சான்யா. கண்ணால பாத்தேன்.

"ஐயோ அம்மா! மறுபடி வந்துடுச்சு!"

ஜாலான் பெண்டஹாராவுல, கட முன்னால அஞ்சடி நடையில கண்ணாடிப் பொட்டிக்குள்ள பல்லு செட்டு சிரிச்சுக்கிட்டு இருக்குமே, அந்தச் சீனரு கட. சாயச் சொன்னாரு. வெளக்கடிச்சுப் பாத்தாரு. தட்டுனாரு. எங்க ரெண்டு பேரையும் பைத்தியங்களப் பாக்கற மாதிரி பாத்துட்டு மலாய்ல பேசுனாரு:

"இனி கிகி பாகுஸ்லா! எதுக்குப் புடுங்கணும்? குதிரப் பல்லு மாதிரி இருக்கு!"

கமலவேணி என் மூஞ்சப் பாத்தா. "நல்ல பல்லுங்கறாரே? அப்ப வலி?"

இப்பச் சொல்லுங்க, நான் என்ன பண்ணுவேன்? பொய்யின்னு ஒத்துக்கிட்டா நாற்காலி போச்சு, முட்ட போச்சு, மானமும் போச்சு. ஒத்துக்கலன்னா ஒரே ஒரு பல்லுதான் போவும். இன்னும் முப்பத்தொண்ணு இருக்கே!

நானே கத்துனேன். "சாக்கிட், தௌக்கே, சாக்கிட்! ரொம்ப வலிக்குது மொதலாளி! புடுங்கு!"

அவரு தலையில அடிச்சுக்கிட்டு பல்லு புடுங்குற குறட்ட எடுத்தாரு. அந்த நேரத்துலயும் என் கமலவேணிய பாருங்க. பக்கத்துல வந்து, பயந்த கொரல்ல கேட்டா:

"தௌக்கே, ஒடையாம வருமா? வேரோட முழுசா?"

எவ்வளவு பாசம்! எனக்குள்ள ஒரு துண்டுகூட தங்கிடக் கூடாதுன்னு!

முழுசா வந்துச்சு. ரெண்டு வேரும், வளைவு நெளிவோட. என் கண்ணு ரெண்டும் அதோட வந்துச்சுன்னு நெனச்சேன். அவ அத கைக்குட்டையில சுத்தி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்து கழுவி, சின்னக் கண்ணாடி போத்தல்ல போட்டு மேசமேல வச்சா. கல்யாணமாகி ஏழு வருஷத்துல என்னோடதுன்னு ஒண்ண அவ பத்திரமா வச்சது அதுதான். எனக்கு அந்தப் பல்லு மேலேயே பொறாம வந்துடுச்சு! பல்லு மேசையில ஜம்முனு இருக்கு, நான் திரும்பவும் முக்காலியில. "வலிதான் போயிடுச்சே"ன்னுட்டா.

அப்புறம் ஒங்களுக்கே தெரியும். அந்தப் பல்ல முன்னால வச்சு இவன் செதுக்கித் தள்ளுனான். சோதனையில இவன் செதுக்குனதப் பாத்து வெள்ளக்கார தொர எழுந்து நின்னுட்டாராம். எதப் பாத்து நின்னாரு? சுப்பையன் பல்லப் பாத்து!

இப்ப ரகசியத்தச் சொல்லிடறேன். கமலவேணி, நீயும் கேளு. எனக்குப் பல்லு வலியே கெடையாது! அன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. அத்தனையும் நடிப்பு! உன்ன ஏமாத்தினேன், சீனர ஏமாத்தினேன், நாளைக்கு காலேஜுக்குப் போற டாக்டரையும் சேத்து ஏமாத்தினேன்! எப்படி?

பாருங்க, அவ சிரிக்கிறா! வயித்தப் புடிச்சுக்கிட்டு! ஆறு மாசத்துக்கப்புறம் என் பொண்டாட்டி சிரிச்சுட்டா! கண்ணுல தண்ணிகூட... என்ன வேணி, இவ்வளவு சிரிக்கிற? போதும், மூச்சு முட்டிடப் போவுது. பொன்னம்மாக்கா, நீ எதுக்குச் சிரிக்கிற?

"தம்பி... என்னால முடியல... நீயே சொல்லுடா உன் மாமாகிட்ட..."

தனபாலன் பாயச டம்ளர கீழ வச்சான். வாயத் தொடச்சுக்கிட்டான்.

"சொத்தப் பல்லுதான் வீட்டுக்கு வீடு குடுத்தாங்களே, மாமா. எனக்கு நல்ல பல்லுல்ல வேண்டியிருந்துச்சு."