வைப்பர் ஆய்வுக் குழு

மழையை வெயிலில் வைத்து ஆராய்ந்த பெருமை உலகத்திலேயே ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் உண்டு. அது சாலைப் பாதுகாப்பு அலுவலகம். அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர், பத்தொன்பது வருடமாக அங்கே இயக்குநரின் கார் ஓட்டும் டிரைவர்.

ஒரு திங்கட்கிழமை மழையில் டிரைவர் பக்கத்து வைப்பர் நின்றுவிட்டது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது; வைப்பர் மட்டும் அசையவில்லை. அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்பானர், இரண்டு நிமிடம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை மேலாளரிடம் சொல்லித் தொலைத்தார்.

"ஸ்பானரா?" என்று பதறினார் மேலாளர். "நீங்க ஓட்டுறவர். முடுக்குறது உங்க வேலையில வருதா? எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் 'வைப்பர் ஆய்வுக் குழு' உதயமானது. ஐந்து பேர். ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாததால் நடுநிலைமைக்குக் குறைவில்லை. சுள்ளென்று வெயிலடித்த ஒரு பகலில் குழு காரைச் சுற்றிவந்து பார்வையிட்டது.

"கண்ணாடி சுத்தமாத்தானே இருக்கு?" என்றார் குழுத் தலைவர்.

"மழை பெஞ்சா ரோடே தெரியாது சார்."

"இப்ப மழை பெய்யுதா?"

"இல்ல சார்."

"அப்ப என்ன பிரச்சினை?"

'பழுது, மழையைச் சார்ந்தது' என்று குறிப்பெழுதி, மழை வரும்வரை ஆய்வை ஒத்திவைத்தார்கள். அதுவரை நட்டை யாரும் தொடக்கூடாது. அது 'சாட்சியம்'.

'விபத்தில்லாப் பயணம்' பற்றிப் பேச இயக்குநர் கிளம்பிய அன்று, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார். பின்சீட்டில் இயக்குநர் தன் உரையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைக்க டிரைவர் தலையை உள்ளே இழுத்த நொடியில், திடீரென்று கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ கலங்கியது. பிரேக் மேல் ஏறி நின்றார்.

பம்பருக்கு ஒரு சாண் முன்னால், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறுமியும் அவள் கையைப் பிடித்திருந்த அம்மாவும் உறைந்து நின்றார்கள். அந்த அம்மா திட்டக்கூட இல்லை. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டிரைவருக்கு. சீட்டுக்கடியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே இறங்கி நட்டை முடுக்கினார். வைப்பர் ஆடத் தொடங்கியது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் இயக்குநர், தாளிலிருந்து தலை தூக்காமல்.

"நட்டு கழண்டிருந்துச்சு சார்."

"யாருக்கு?"

"வைப்பருக்கு" என்று சொல்ல டிரைவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் காலை மெமோ வந்தது. 'குழுவின் சாட்சியத்தை அனுமதியின்றி முடுக்கியது ஒழுங்கீனமாகும். மேற்படி நட்டை உடனடியாகப் பழைய நிலைக்குத் தளர்த்தி, தளர்த்திய விவரத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. டிரைவர் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில், 'தளர்த்திவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். நட்டுப் பக்கமே போகவில்லை.

சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் கோப்புகளில், நாலு உயிரைக் காப்பாற்றக்கூடிய கடிதம் இன்றுவரை அது ஒன்றுதான். அதுவும் பொய்.