நைனா தின்ற லட்டும் அந்தரங்கப் பாதுகாப்புக் குழுவும்

உலகத்தின் பெரிய தலைநகரங்கள் செய்யத் தயங்கிய காரியத்தை ஆந்திர எல்லையில் உள்ள நகரியின் பாவடித் தெரு ஒரே மாலையில் செய்து முடித்தது. இணையத்தோடு இணைந்த வீட்டுக் கருவிகளுக்குத் தரநிர்ணயமும் அந்தரங்கப் பாதுகாப்பும் வகுத்தது. இந்த மகத்தான பணிக்கு வித்திட்டது ஒரு திருப்பதி லட்டு.

தெருவின் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். தங்களுக்குப் பதிலாகக் கேமராவும் ஸ்பீக்கரும் அனுப்பினார்கள். விசைத்தறிக்காரர் துலுக்காணத்துக்குச் சர்க்கரை நோய். மகன் சந்துரு பெங்களூரிலிருந்தே அவரைப் 'பேணி' வந்தான். சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரம், அவர் லட்டை வாயருகே கொண்டுபோனதும் கேமரா சந்துருவின் குரலில் அப்பாவிடம் பேசியது.

"நைனா, கீழ வெய்யி."

பிரசாதத்தால் சர்க்கரை ஏறாது என்று துலுக்காணம் கேமராவிடம் வாதாடிக்கொண்டே தின்றார். சம்பந்தி வீட்டார் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார்கள்.

மறுநாளே குழு அமைந்தது. அதே தெருவின் புருஷோத்தமன் ஒருமனதாகத் தலைவரானான். பி.காம். முடித்தவன் என்பது ஒரு தகுதி. மனைவி ரேகா போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை, ஆகவே வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை என்பது 'கூடுதல் தகுதி'. அந்தரங்கத்தைக் காக்க அந்தரங்கமே இல்லாதவன்தான் பொருத்தம் என்று துலுக்காணம் முன்மொழிந்தார். புருஷோத்தமனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவன் வகுத்த விதிகளில் தலையாயது இது: எவருடைய உருவத்தையோ குரலையோ ஒரு கருவி வைத்திருக்க வேண்டுமானால், உரியவர் ஆண்டுதோறும் நேரில் வந்து ஒப்புதல் தர வேண்டும். தவறினால் அழிக்கப்படும். துலுக்காணம் பலமாகக் கைதட்டினார். லட்டுக் காட்சிக்கு ஒப்புதல் தரும் உத்தேசம் அவருக்கு இல்லை.

போன் வழியாகக் கூட்டத்தில் கலந்துகொண்ட சந்துரு விடவில்லை.

"லட்டு வீடியோவ நான் அழிச்சிடறேன்ணா. உன் வூட்ல ரேகா அண்ணி கொரலு இன்னும் பேசிக்கினுகீதே, அது இன்னா கணக்கு?"

ரேகா இருந்தபோது ஸ்பீக்கரில் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். நகராட்சி தண்ணீர் விடும் நாட்களில் விடியற்காலை அது பேசும்: "எய்ந்திரு மாமா, தண்ணி வுட்டுட்டான்." தறிச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று ஒலியை உச்சத்தில் வைத்திருந்தாள். அதனால் தெருவே அதைக் கேட்டுத்தான் எழுந்து குழாயில் மோட்டார் போட்டது. குழாயில் மோட்டார் போடுவது குற்றம். அது குழுவின் வரம்புக்குள் வரவில்லை. புருஷோத்தமன் அந்தக் குரலுக்கு முன்பே விழித்துவிடுவான். அது எழுப்பட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். இதைக் கூட்டத்தில் அவன் தெரிவிக்கவில்லை.

அது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று துலுக்காணமே முணுமுணுத்தார். தலைவர் ஏற்கவில்லை. விதிக்கு விலக்கு கிடையாது, தலைமை என்றால் முன்மாதிரி என்று சுருக்கமாக உரையாற்றிவிட்டு, குழுவினரை வீட்டுக்கு அழைத்துப் போனான். அவர்கள் முன்னிலையில் பொத்தானைத் தொட்டான். நிச்சயமாக அழிக்கவா என்று கருவி கேட்டது. குழுவில் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஆம் என்றான். கைதட்டினார்கள். டீ வழங்கப்பட்டது.

அடுத்த முறை தண்ணீர் வந்தது, போனது. தெரு தூங்கிக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் அவனுக்குக் கேட்டது. எழுப்ப ஆளில்லாததால் எழவில்லை.

காலையில் எதிர்வீட்டு ரத்னம்மா காலிக் குடத்தோடு வாசலுக்கு வந்தாள். பின்னால் தெருப் பெண்கள். அவன் விதியை நிதானமாக விளக்கினான். குரல் தனிமனித உரிமை. உரியவர் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ரேகா வந்து ஒப்புதல் தரவில்லை.

ரத்னம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"செரிப்பா. வெச்சிக்கறதுக்கு அவள கேக்கணும். அழிக்கறதுக்கு கேட்டியா?"

அது மிகவும் பயனுள்ள ஆலோசனை என்றும், அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றும் தலைவர் தெரிவித்தார்.