கோட்டைக்குள் நான் காலமான வெள்ளிக்கிழமை

புதுமாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு நடந்தாலே பாதி ஆபத்து குறையும். எனக்கு அப்போது அந்தப் புத்தி இல்லை. (இப்போது இருக்கிறது என்றும் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

என் மனைவி செல்வி மஸ்கட்டுக்கு வந்து பத்து நாள். நான் ஏசி மெக்கானிக், வெள்ளிக்கிழமை லீவு. பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே, பல நூறு வருஷமாகியும் நேற்றுப் பூசியதுபோல் நிற்கும் ஒரு கோட்டைக்கு அவளை அழைத்துப் போனேன். வழியெல்லாம் அரபி வகுப்பு. "யல்லான்னா கிளம்பு, மாஃபின்னா இல்ல, கலாஸ்ன்னா முடிஞ்சது. மூணு வார்த்தை போதும், வளைகுடாவையே ஆளலாம்."

கீழ்த்தளத்தில் கைதிகளை அடைக்கும் இருட்டறை. போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து நுழைந்தேன். "கதவைச் சாத்திட்டு, ஓட்டை வழியா ஒரு போட்டோ எடு. ஊருக்கு அனுப்பலாம்."

சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

"என்னங்க, தூக்க வரலைங்க."

"நல்லா இழு!"

"இழுத்தேன். பிடி கையோட வந்துருச்சு."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். அப்போது மணி பத்து ஐம்பது. அந்தச் சுவருக்குள் போனில் சிக்னலும் இல்லை. "ஓடு! வாசல் காவலரைக் கூப்பிடு!"

அவள் காலடி தேய்ந்து மறைந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு இன்னொன்று, இன்னும் கிட்டத்தில். கத்தினேன், சுவர் விழுங்கிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. ஏசி மெக்கானிக் புழுக்கத்தில் செத்தான் என்று ஊரில் சிரிப்பார்களே!

வெளியே நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். காவலர் வாசற்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாராம். இவள் மூச்சிரைக்கக் கீழே கைகாட்டி, "ஹஸ்பெண்ட்... கலாஸ்!" என்றிருக்கிறாள்.

அவர் முகம் வெளுத்தது. "மௌத்?"

மௌத் என்றால் சாவு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர் கேட்கிறாரே என்று மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறாள்.

எனக்குக் கேட்டது பல பேரின் காலடி. பிறகு, தணிந்த குரலில் ஒரு பிரார்த்தனை. எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் ஒருவர் இறந்தபோது கேட்ட அதே பிரார்த்தனை. ஐயோ பாவம், யாரோ என்று ஒரு கணம் வருந்தினேன். பிறகுதான் உறைத்தது.

"பாய்! மை ஜிந்தா ஹூம்!" கதவை இரு கையாலும் குத்தினேன். உயிரோடிருக்கிறேன் என்ற அந்தச் செய்திக்குப் பதிலாக வெளியே ஏதோ தடாலென்று விழுந்தது. ஸ்ட்ரெச்சர்.

நாலு பேர் நெம்பித் திறந்தார்கள். காவலர் என் கன்னத்தை இரண்டுமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். செல்வி உடைந்த பிடியைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். காவலர் தன் பிளாஸ்க் காப்பியை முதலில் அவளுக்குத்தான் கொடுத்தார். எனக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகிறது. எங்கள் குளியலறைக் கதவில் இன்றுவரை தாழ்ப்பாள் கிடையாது; செல்வி போட விடுவதில்லை. விருந்தாளி யாராவது தயங்கி நின்றால், என் மகள் ஹாலிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"டோன்ட் வொரி ஆன்ட்டி, பாடிக்கிட்டே குளிங்க. சத்தம் நின்னா அம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுருவாங்க!"