சொட்டும் நாவலைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல்

பெருமதிப்பிற்குரிய பரிசுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் நடுவர்களும் நலமாகவும் நனையாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இணையத்தில் எழுதப்பட்டுப் பின்னர் அச்சில் வந்த நூல்களுக்கென்று தாங்கள் வழங்கும் பரிசின் இறுதிப் பட்டியலில் எனது 'இன்றும் சொட்டுகிறது' இடம்பெற்றிருப்பதைத் தெரிவிக்கும் தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. அதை உடனே நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்ளவே இந்தப் பதில்.

நான் எழுத்தாளன் அல்லன். கடைத் தராசுகளைச் சோதிக்கும் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் நான் எழுதியவற்றைக் கடைக்காரர்கள் தவிர வேறு யாரும் படித்ததில்லை. அவர்களும் ரசித்துப் படித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஹாலின் கூரை, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே, எங்கள் சோபாவுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் வாய்மொழியாகத்தான் சொன்னேன். "இப்பெல்லாம் ஆன்லைன்தான் சார். வெப்சைட்ல புகார்ப் பக்கம் திறந்திருக்கோம், அதுல போடுங்க" என்றார். போட்டேன். தினமும் காலையில் போட்டேன். சொட்டின் வேகம், கறையின் பரப்பு, வாளி நிறையும் நேரம், மேல்வீட்டுப் பல் மருத்துவர் குளிக்கும்போது பாடும் பாட்டுக்கும் சொட்டுக்கும் உள்ள தொடர்பு என எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். அளக்காமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொன்றின் கீழும் செயலாளர், "தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது. பிளம்பர் நாளை வருவார்" என்று பதில் போட்டார்.

அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போடச் சங்கம் மறந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம், "ஐயா, இன்னைக்கு வாளி நிரம்பிடுச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் ஒரு பதிப்பாளர் அம்மா வந்தார். அச்சில் ஏறிய புகாரைச் சங்கம் கொஞ்சம் மதிக்கும் என்ற ஆசையில் சம்மதித்தேன். புத்தகம் வந்தது; அட்டையில் 'நாவல்' என்றிருந்தது. "என்னம்மா இது, ஒரு வரி கூடக் கற்பனை கிடையாதே" என்றேன். "அதனாலதான் சார் நாவல்னு போட்டோம். உண்மைன்னு போட்டா யாரு நம்புவாங்க?" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு விமர்சகர், கடைசிப் பக்கம் வரை வராமலேயே கதை முழுக்க நிறைந்திருக்கும் பிளம்பர் கடவுளின் குறியீடு என்று எழுதிவிட்டார். அதை எங்கள் பிளம்பர் படித்துவிட்டார். முன்பெல்லாம் போன் செய்தால் எடுத்து ஒரு பொய்யாவது சொல்வார். இப்போது எடுப்பதே இல்லை. ஒரு நாள் தெருமுனையில் மடக்கி, கையைப் பிடித்து வாசல் வரை கூட்டி வந்தேன். மனிதர் செருப்பைக் கழற்றத் தயங்கினார்.

"சார், நான் புக்குல வரவே மாட்டேனே. இப்ப உள்ள வந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கும்யா. கூரைக்கு ரொம்ப நல்லா இருக்கும்."

"வேணாம் சார். எங்க வீட்ல எல்லாரும் படிச்சிட்டாங்க. என்னை இவ்வளவு பெரிய ஆளா ஆக்கிட்டு, ஒரு வாஷருக்காகக் கெடுத்துக்காதீங்க."

தன் பிரதியில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நிலையில்தான் தங்கள் கடிதம். முடிவு அறிவிக்கும் நாள் வரை நூலின் மூலப் பக்கம் இணையத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகுதி போய்விடும் என்று ஒரு விதி சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் வெப்சைட்டிலோ, தீர்ந்ததென்று சங்கச் செயலாளர் குறித்த புகார் தானாகவே அழிந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே கூரையைச் சரிசெய்தால் பக்கம் போய்விடும். பக்கம் போனால் பரிசு போய்விடும். எங்கள் சங்கச் செயலாளர் என்னை லிஃப்ட்டில் வைத்துச் சொன்னார்: "உங்க ஒருத்தர் வசதிக்காக மொத்த பில்டிங்கோட பேரைக் கெடுக்கப் பாக்குறீங்களே சார்? அதுவும் அந்த புக்குல பாதி நான் எழுதினது." பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியம்தானே என்றேன். "ஆமா சார், எவ்வளவு பொறுமை வேணும் தெரியுமா?" என்றார். பல் மருத்துவரும் சங்கம் சொல்லாமல் குளியலறைத் தரையில் கை வைக்க விடமாட்டேன் என்கிறார். புத்தகத்தின் மதிப்புரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நோயாளிகள் உட்காரும் அறையில் மாட்டியிருக்கிறார்.

இப்போது வாசகர்கள் நேரிலேயே வருகிறார்கள். வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஒருவர், "புக்குல வாளி இடது பக்கம்ல இருக்கும்?" என்று நகர்த்தி வைத்துவிட்டுப் போனார், அன்று முழுக்க சோபா நனைந்தது. இன்னொருவர் சின்னக் குப்பியில் சொட்டைப் பிடித்துக்கொண்டு போனார். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பது என் மனைவி. நேற்று அவள் பொறுமை தீர்ந்துவிட்டது.

"பரிசு உங்களுக்கு, வாளி எனக்கா? இந்த வாரத்துக்குள்ள கூரை காயலைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க வாசகர்களோட குடும்பம் நடத்துங்க."

வெறும் பேச்சில்லை ஐயா. பெட்டி கட்டி ஹாலில் வைத்திருக்கிறாள். நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருக்கிறாள். அவள் இல்லாமல் எனக்குக் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடத் தெரியாது என்பதை இந்த வயதில் தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தயவுசெய்து என் நூலைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். தரமில்லை என்று காரணம் சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

தங்கள் பரிசு ஆண்டுதோறும் வளரவும், நடுவர்களின் கண்கள் நெடுநாள் தெளிவாக இருக்கவும், தங்கள் யாவரின் தலைக்கு மேலும் ஈரமில்லாத கூரை நிலைக்கவும் மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பல் மருத்துவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் என் மனைவி மாடியேறிப் போய் அவர் மனைவியிடம் பேசியிருக்கிறாள். அந்த அம்மாள் புத்தகத்தைப் படிக்கவில்லை. யாரும் அவருக்கு ஒரு பிரதி கொடுக்கவில்லையாம். பக்கத்துத் தெருவிலிருந்து வாசிப்புப் பழக்கமே இல்லாத ஒரு பிளம்பரை இருவருமாகப் பிடித்து வந்து, ஒரு டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். கூரை காய்ந்துவிட்டது. சங்கச் செயலாளருக்குத் தெரியாது, அதனால் பக்கமும் அழியவில்லை. எனவே மேலே கண்ட கோரிக்கையை அடியோடு விலக்கிக்கொள்கிறேன். நூல் பட்டியலிலேயே இருக்கட்டும். சந்தேகம் வராதிருக்க, இன்று காலையும் வழக்கம்போல் எழுதினேன்: சொட்டு, கறை, வாளி, எல்லாம் கற்பனை. இதுவரை எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். என் மனைவியும் படித்தாள். "பரவாயில்லையே. நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேகமா சொட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.