பெயர் தெரியாத பவளமும் மூன்று பிரதிகளும்

வீட்டுத் தொட்டியில் கடல் உயிர்களை வளர்க்கும் யாவரும் அவற்றின் பெயர்களைத் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், பெயர் தெரியாத உயிர் எதுவாயினும் தொட்டியோடு பறிமுதல் செய்யப்படும் என்று ஆணை வந்தது. நல்ல ஆணைதான். பெயரில்லாத ஒன்று வீட்டுக்குள் உயிரோடு இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் அந்த ஆணையால்தான் தூக்கம் போனது. ஓய்வு பெற்ற பிறகு கூடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். அதற்காக வாங்கிய கல்லில் ஒட்டிக்கொண்டு, கேட்காமலே வந்து சேர்ந்தது ஒரு மென்பவளம். சாம்பல் நிறம். குட்டிக் குட்டிக் கைகளாக விரியும், மூடும், மறுபடி விரியும். எதிர்த்துப் பேசாது. அதனாலேயே அவருக்கு அதன்மேல் உயிர். விற்ற கடைக்காரருக்கும் பெயர் தெரியவில்லை.

"நீங்களே ஒரு பேரை வச்சிடுங்களேன்," என்றாள் மனைவி.

"பொய்ப் பதிவுன்னு என்னை உள்ள தூக்கி வைப்பான். அந்தப் பதிவு ஆபீஸ் எனக்குத் தெரியாதா?"

தெரியும். பழுதான லிஃப்டைப் பார்க்கப் போனவரை, லிஃப்டில் ஏற அனுமதிச் சீட்டு எங்கே என்று அரை நாள் நிற்க வைத்த ஆபீஸ் அது. எட்டு வருஷமாகிறது. அவர் எதையும் மறப்பவர் அல்ல.

பவளத்தை வாளியில் எடுத்துக்கொண்டு போனார். அதிகாரி விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"படத்துல பூ மாதிரி இருக்கு. இதுல அவிஞ்ச காளான் மாதிரி கிடக்கு?"

"பஸ்ஸுல வந்ததுல சுருங்கிடுச்சு சார்."

"விசாரணைக்கு ஒத்துழைக்கலைன்னு எழுதிக்கவா?"

"அதுக்கு என்ன சார் தெரியும்?"

"விவரமறியாதது," என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. "சரி, மூணு பிரதி கொடுங்க."

"காகிதம்னா பிரதி எடுக்கலாம். உசுருக்கு எங்க சார் போறது?"

"வெட்டுங்க."

வெட்டினார்; மூன்று துண்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வீடு திரும்பினார். வெட்டின துண்டும் பிழைத்துக்கொள்ளும் சாதி அது. ஆதாரம் செத்தால் கோப்பும் செத்துவிடுமே என்று அலுவலகத்தில் ஒரு தொட்டி, ஒரு விளக்கு, ஒரு பம்பு எல்லாம் வந்தன. இரண்டு மாதத்தில் மூன்று முப்பதானது.

அப்போதுதான் யாருக்கோ உறைத்தது: பெயர் தெரியாத முப்பது உயிர்களை அலுவலகமே வைத்திருக்கிறது! சட்டம் எல்லோருக்கும் பொது. முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று, கெடு முடியும் முன்பே அலுவலகம் அலுவலகத்துக்கே நோட்டீஸ் அனுப்பியது. அவகாசம் கேட்டு அலுவலகம் பணிவுடன் பதில் எழுதியது. அலுவலகம் அதைக் கடுமையாக நிராகரித்தது. பறிமுதல் பிரிவு வந்து தொட்டியை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் பறிமுதல் செய்தது. குற்றமும் அந்த மேசைக்குப் போனது.

மேசைகள் தீர்ந்ததும் நிபுணரைத் தேடினார்கள். இதை அதிக நாள் வளர்த்தவர் யார்? மெக்கானிக்கே 'மென்பவளப் பெயராய்வு அலுவலர்' ஆனார்.

"முதல் கையெழுத்து நம்ம ஃபைலுக்குத்தான்டி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் நாற்காலி சுழலும் நாற்காலி. வெளியே வாளிகளோடு நீண்ட வரிசை. உள்ளே நுழைகிறவர்களெல்லாம் "சார், சார்" என்றார்கள். தன் மனுவைத் தானே பார்ப்பது முறையல்ல என்று தொட்டியை மனைவி பெயருக்கு மாற்றினார். அதற்குமேல் நேரமில்லை.

தொண்ணூறாம் நாள் மனைவியே வாளியும் கையுமாக வந்து அவர் மேசை முன் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"விண்ணப்பதாரர் அதிகாரிக்கு உறவா?"

"ஆமான்னா?"

"தள்ளுபடி."

"அப்ப இல்லைன்னே எழுதுங்க. இப்பல்லாம் வீட்டுல அப்படித்தானே இருக்கு."

அவர் நிம்மதியாக 'இல்லை' என்று எழுதினார். "பரிசீலனையில இருக்கு. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்! நம்ம வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்குது, தொட்டியைக் கழட்டிட்டு இருக்கான்!"

"அது பறிமுதல் பிரிவு. அதுல எனக்கு அதிகாரம் இல்லைங்க."

அவள் நகராமல் நின்றாள். பின்னால் நாற்பது பேர் நாற்பது வாளிகளோடு காத்திருந்தார்கள். அத்தனை பேர் வீட்டுத் தொட்டிக்கும் அன்றுதான் கடைசி நாள். அவர்களுக்கு ரத்தம் கொதித்தது.

"சார் இவ்வளவு தெளிவா சொல்றாரே, காதுல விழலையா? நகரும்மா அந்தப் பக்கம்!"