காத்தண்ணை கண்டுபிடித்த வெளி

எண்பதுகளில் மொன்றியலுக்கு வந்திறங்கிய தமிழர் அத்தனை பேரும் தலைக்கு மேலே ஒரு கூரை தேடி அலைந்தார்கள். கூரை கிடைத்த பிறகும் அதற்குக் கீழே இருக்க மறுத்த ஒரே மனிதர் எங்கள் காத்தண்ணைதான்.

அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது குடிவரவு அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாகக் கிடந்தது. லாசால் பகுதியில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட் ஒன்றில் ஆறு பேராக இருந்தோம். வயதில் மூத்தவர் அவர்; முப்பத்துநாலு. தை மாதத்தில், வெளியே மூக்கு உதிர்ந்து விழும் குளிரில், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து யன்னலை அகலத் திறந்து விடுவார்.

"அண்ணை, பூட்டுங்கோ! பருப்பு கட்டியாகுது!" என்று கத்துவான் பாலன். வீட்டுச் சமையலும் வீட்டு நிர்வாகமும் அவன் கையில்.

"காத்து வரட்டும் தம்பி. ஒருத்தன் விட்ட மூச்சை மற்றவன் குடிக்கிறம். எச்சில் காத்தடா இது."

பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நித்திரையால் எழும்புவதற்கு முன்பே அவர் ஏதாவது பஸ்ஸில் ஏறி, அது எங்கே திரும்புகிறதோ அங்கே இறங்கி, அதற்கு மேலும் நடந்துவிட்டு வருவார். ஒருமுறை கர்க்லாண்ட் வரை போய்த் திரும்பியவரிடம், "எப்பிடி அண்ணை இடம்?" என்று கேட்டேன்.

"வீடு, புல்லு, வேலி. பேந்தும் வீடு, புல்லு, வேலி. புல்லுக்கும் தலைமயிர் வெட்டி விட்டிருக்கிறாங்கள். அதுவும் பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் நிக்குது."

அவர் தேடியது வேறு. கனடாவுக்கு வருமுன் வடக்கு ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் ஒன்றரை வருடம் இருந்தவர். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே ஒரு பெருவெளி கிடந்ததாம். மணல் நிலம். மரம் அங்கொன்று இங்கொன்று. கண் போகும் தூரமெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் செடி. ஆவணி பிறந்தால் அவ்வளவும் ஊதா. தேனீ இரையும், செம்மறியாடு மேயும், காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் கேட்டுக்கேள்வியின்றிப் போகும். அந்த வெளியை அந்த ஊர்க்காரர் 'ஹைட' என்பார்களாம்.

"அகதிக்கு எங்க போனாலும் ஒரு கதவு நிக்கும்," என்பார். "ஹைடவில கதவே இல்லை. கதவில்லாத இடத்தில நிக்கிறவனை ஆர் வெளியால போ எண்டு சொல்லுறது?"

இந்த மனிதருக்குத்தான் ஊரில் இருந்த அவர் அக்கா ஒரு சம்பந்தம் பார்த்தா. முதல் இரண்டு சம்பந்தங்கள் நாட்டுக் குழப்பத்தோடு குழம்பிப் போயிருந்தன. இந்தப் பெண்ணின் பெயர் வசந்தி. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். அவள் படம் வந்த நாளிலிருந்து அண்ணை சவரம் எடுப்பதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. அதற்கு மேல் எங்களுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆனால் ஒரு சுவிஸ் மாப்பிள்ளையும் வரிசையில் நின்றார். பெண்வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: பெடியன் கனடாவில் எடுத்த படம்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் படம் அனுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. எங்கள் தெருவில் ஒரு கிரேக்கக் கிழவரின் சிவப்புக் கார் நிற்கும். ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டு. கோட்டைப் போட்டு, காரில் ஒரு கையை வைத்து, சிரிக்காமல் நிற்க வேண்டும். அந்தக் கார் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டு அலுமாரிகளுக்குள் நின்றதோ தெரியாது. கிழவருக்கும் பழகிவிட்டது, கமராவைக் கண்டால் தானே வந்து கண்ணாடியைத் துடைத்து விடுவார்.

பாலன் அண்ணையையும் அப்படி நிறுத்தி எடுத்தான். கச்சிதமான படம். ஃபிலிமில் ஒரு படம் மிஞ்சியது. எல்லா வினையும் அந்த ஒன்றால்.

அண்ணையோடு ஃபக்டரியில் வேலை செய்த ஜில் என்ற கியூபெக்காரனுக்கு ஒரு பழைய பிக்கப் இருந்தது. அண்ணைக்குப் பிரெஞ்சு வராது, ஜில்லுக்கு அது தவிர வேறொன்றும் வராது. இவர் ஜெர்மனில் கேட்பார், அவன் பிரெஞ்சில் சொல்வான். இடையில் கைகள் பறக்கும். அப்படித்தான் நகரத்துக்கு வடக்கே ஹைட போல ஓர் இடம் இருப்பதைக் கறந்திருக்கிறார். ஆனி மாத ஞாயிறு ஒன்றில் அண்ணை முன்னால் ஏற, பாலனும் நானும் சோற்றுப் பானையோடு பின்னால் ஏறினோம்.

இறங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிமிடம் போகப் போகத்தான் அந்த ஒன்றுமில்லாததற்குள் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்தது. முழங்கால் உயரச் செடிகள் அடிவானம் வரைக்கும். அவற்றில் கொத்துக் கொத்தாக ஊதாவும் ரோசாவும் கலந்த சின்னப் பூக்கள். நடுவில் பஞ்சு வெடித்ததுபோல வெள்ளைக் குஞ்சம் கட்டிய புல். காலடியில் பாசி, மெத்தை போல அமிழ்ந்து எழும்பியது. பள்ளங்களில் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காற்று.

அண்ணை குனிந்து ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இது அதில்லை. ஆனால் அதின்ர சொந்தம். மூக்கைப் பார்க்கத் தெரியுது."

"நுளம்பும் சொந்தமோ அண்ணை?" என்றான் பாலன், இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டு.

"காத்துக்கு முகத்தைக் குடு. காத்துக்கை நுளம்பு நிக்காது."

பாலன் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தான். பள்ளத்துக்குக் காலைக் கொடுத்தான். இடுப்பளவுக்கு இறங்கியவன் இரண்டு கையாலும் பானையை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி அலறினான்: "என்னை விடுங்கோ! பானையைப் பிடியுங்கோ!" பானையைத்தான் முதலில் காப்பாற்றினோம். ஒரு சப்பாத்து இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

அதைப் பார்த்து அண்ணை சிரித்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து, தலைமயிர் நாலு திசைக்கும் பறக்க, வாயைத் திறந்து சிரித்தார். இரண்டு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. மிஞ்சியிருந்த அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

ஊருக்குப் போனது கார்ப் படம் என்றே நினைத்திருந்தோம். அக்காவின் கடிதம் வந்தது. பாலன் சத்தமாக வாசித்தான்.

"தம்பி, என்ன படமடா அனுப்பினனி? வீடில்லை, காரில்லை, ஒரு மாடு தானுமில்லை. பொம்பிளையின்ர தகப்பன் படத்தை வெயிலில பிடிச்சுப் பார்த்தார். பேந்து திருப்பியும் பார்த்தார், பின்பக்கத்தில எண்டாலும் வீடு இருக்குதோ எண்டு. 'பெடியனைக் கனடாக்காரர் பத்தைக்குள்ள விட்டிட்டாங்களோ?' எண்டு தாய் அழுகிறா. சுவிஸ்காரன்ர படத்தில கார் மட்டுமில்லை, தண்ணி பாயிற பவுண்டனும் நிக்குது. உடனே ஒரு ஒழுங்கான படம் அனுப்பு. இல்லாட்டி இதுவும் இல்லை."

"அண்ணை, காரை விட்டிட்டு இதையோ அனுப்பினீங்கள்?"

"ஓம்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணை யன்னலைத் தானே பூட்டினார். பருப்பு சூடாக இருந்தது. ஒருவருக்கும் இறங்கவில்லை.

கார்ப் படத்தைக் கடித உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, பாலன் அவர் கையில் திணித்தான். தபால்பெட்டி வரை போனவர் உறையோடு திரும்பி வந்தார்.

"அந்தக் காரடியில நிக்கிறவன் ஆரெண்டு எனக்கே தெரியேல்லையடா. அவனைக் கட்டு எண்டு அந்தப் பிள்ளைக்கு எப்பிடி எழுதுறது?"

"அப்ப சுவிஸ்காரன் கொண்டு போகட்டும் எண்டுறியளோ?"

அண்ணை உறையைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்து வந்த நாட்களில் தபால்காரன் வரும் நேரத்துக்குப் படியில் போய் உட்காருவார். "காத்துக்காக இருக்கிறன்" என்பார். அந்தப் படிக்கட்டில் காற்றே வராது.

மூன்றாவது கிழமை கடிதம் வந்தது. எழுத்து அக்காவுடையது இல்லை. அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ வாசி."

"நான் வசந்தி எழுதுறன். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச விடிஞ்சால் பொழுதுபட்டால் ஆமிக்காரரின்ர ஹெலிகொப்டர்ச் சத்தம். பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறதும் கத்தித்தான். உங்கட படத்தை மேசையில வைச்சிருக்கிறன். அந்த இடத்தில சத்தமே இராது போல கிடக்கு. உண்மையோ? என்னை அங்க கூட்டிக்கொண்டு போவீங்கள் எண்டால், அப்பாவோட நான் கதைக்கிறன்."

எப்படிக் கதைத்தாளோ தெரியாது. அடுத்த வருடம் வசந்தி அக்கா வந்து இறங்கினா.

ஆனி மாதம் ஜில் மறுபடியும் பிக்கப்பைக் கொண்டு வந்தான். செடியெல்லாம் பூத்திருந்தது. வசந்தி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பாசியில் கால் பதிய, கொஞ்சத் தூரம் தனியே நடந்து போய் நின்றா. முதலில் வானத்தைப் பார்த்தா, ஒரு மூலை மிச்சம் விடாமல். பிறகு கண்ணை மூடினா. அண்ணை பக்கத்தில் போய் நின்றார், கையைக்கூடப் பிடிக்காமல்.

ஏதோ பகிடி விடப் பாலன் வாயைத் திறந்தான். எட்டிப் பொத்தினேன். அவனும் விளங்கிக்கொண்டு அப்படியே நின்றான். அவ்வளவு சத்தமில்லாமல் நாங்கள் ஒருவரையும் ஒருநாளும் வாழ்த்தியதில்லை.