புகார் எதுவும் இல்லை

கல்யாணம் நிச்சயமான ஆண்களுக்குச் சில மாதங்கள் மூளை சரியாக வேலை செய்வதில்லை. இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் நான்தான்.

நான் திருச்சிக்காரன். டொரொண்டோவில் கம்ப்யூட்டர் வேலை. தர்சினியைக் காதலித்து, ஸ்காபரோவில் அவள் வீட்டில் சம்மதமும் வாங்கியாயிற்று. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரியாத பாதிக்குச் சிரித்துவைப்பேன். (ஒருமுறை யாரோ இறந்துபோன செய்திக்கும் சிரித்திருக்கிறேன்.)

தர்சினியும் அவள் அண்ணன் நிரோஷனும் ஏர்சாஃப்ட் விளையாடுகிறவர்கள். நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு, சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடும் விளையாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, "அடுத்த கிழமை மகேஷும் வரட்டுமேன்," என்றார் நிரோஷன். நான் உடனே தலையாட்டினேன்.

தர்சினியின் அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "உந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நாங்கள் ஓடி வந்தனாங்கள். நீங்கள் கார் பிடிச்சுப் போய் விளையாடுறியள்."

அன்ரி (வருங்கால மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் தர்சினி தெளிவாகத்தான் சொன்னாள். "நீங்கள் பவர் கண்ணாடி போடுறனீங்கள். மூச்சு விட விட உள்ளுக்க ஃபாக் பிடிக்கும். காத்துப் போக ஓட்டை இருக்கோணும். டபிள் லென்ஸ் எடுங்கோ. ஃபான் வச்சதெண்டா இன்னும் நல்லம்."

கண்ணாடிக்குள் மின்விசிறியா? எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாங்கியது ஒற்றை லென்ஸ், கறுப்பு, ஒரு ஓட்டை கிடையாது. போட்டால் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன். மங்காது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அதையும் சோதித்துவிடலாம் என்று மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து முழுதாக ஒரு படம் பார்த்தேன். துளிகூட மங்கவில்லை. (சோபாவில் யாருக்கு வியர்க்கும்?) கைரேகை படிந்திருந்ததால், பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, பச்சை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மங்காமல் இருக்கப் பூசியிருந்த பூச்சு அப்போதே சாக்கடைக்குப் போய்விட்டது என்பது பிற்பாடு தெரிந்த தகவல்.

மைதானம் விட்பி என்ற ஊருக்கு வடக்கே ஒரு காட்டில். அக்டோபர் மாதத் தூறல். எந்தக் காரணம் கொண்டும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று நடுவர் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னை நிரோஷன் அணியில் போட்டார்கள். தர்சினி எதிரணி.

குளிருக்குப் பயந்து மூன்று சட்டை போட்டிருந்த எனக்கு, ஓட ஆரம்பித்ததுமே வியர்த்தது. முதலில் ஓரங்கள் வெளுத்தன. பிறகு நடுவிலும் பால் ஊற்றியதுபோல் ஆனது. உள்ளே பவர் கண்ணாடி தனியாக மங்கியது. நிரோஷன் என்று நினைத்து யாரோ ஒருவர் பின்னால் நம்பிக்கையோடு போனேன். அவர் எதிரணிக்காரர். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சுடாமல், எங்கள் பக்கத்தைக் கைகாட்டி அனுப்பிவைத்தார்.

அப்போது வாக்கிடாக்கியில் நிரோஷன் குரல் கேட்டது. "மகேஷ், புகாரோ?"

எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது. இந்த நெருக்கடியிலும் மாப்பிள்ளைக்கு ஏதாவது மனக்குறை இருக்கிறதா என்று கேட்கிறாரே!

"சேச்சே, புகார்லாம் ஒண்ணும் இல்லண்ணா. எல்லாரும் நல்லா கவனிச்சுக்கறீங்க."

"அப்ப சரி," என்றார்.

ஒரு டயர்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை, துடைத்து உடனே மாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினேன். பின்னால் குச்சி முறிந்தது. தர்சினி சுட்டது என் முதுகைப் பார்த்துத்தான். நான் திரும்பிவிட்டேன்.

முதலில் வந்தது வலி அல்ல, சிவப்பு. நடுவரின் விசில் நீளமாகக் கேட்டது. தர்சினி ஓடிவந்து, வெறும் முகத்தைப் பார்த்து, துப்பாக்கியைச் சேற்றில் போட்டாள். "ஏன் கழட்டினீங்கள்? ஏன் கழட்டினீங்கள்?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரில் நிரோஷன் வெடித்தார். "நான் கேட்டனான்தானே, புகாரோ எண்டு? இல்லையெண்டு சொன்னீங்கள்!"

"கம்ப்ளெயின்ட் இருக்கான்னு கேட்டீங்கன்னு நெனச்சேண்ணா."

"கம்ப்ளெயின்டோ? ஐயோ, கண்ணாடியில படியிற புகார்! மூட்டம்!"

யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், யார் சுட்டது என்று நர்ஸ் கேட்டார். நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்றேன். அவர் மற்றவர்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா, போலீசில் சொல்ல வேண்டுமா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அன்று இரண்டாவது முறையாக, எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று சொன்னேன்.

இடது கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. படுக்கக் கூடாது, உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். பார்வை திரும்பும் என்று நம்புவோம் என்றார் டாக்டர்.

தர்சினியின் அப்பா வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, மற்றக் கையை எனக்கு முன்னால் நீட்டினார்.

"எத்தினை விரல்?"

எனக்குக் கையே தெரியவில்லை. சொன்னேன். அவர் கையை மெல்ல இறக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. ஷெல் துண்டு பட்ட தன் தம்பியிடமும் அவர் அப்படித்தான் விரல் நீட்டிக் கேட்டார் என்று தர்சினி பிறகு சொன்னாள். சித்தப்பாவுக்குப் பார்வை திரும்பவே இல்லையாம்.

அவர்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியில்தான் உட்கார்ந்தபடி தூங்கினேன். தர்சினி என் கண்ணைப் பார்க்காமலே சொட்டு மருந்து விடுவாள். பாதி கன்னத்தில் வழியும். ஒருநாள் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு இந்தக் கலியாணம் வேண்டாமெண்டா சொல்லுங்கோ. நான் குறை நினைக்க மாட்டன்," என்றாள்.

"அவ்வளவு குறி பாத்து சுட்டுட்டு, இப்ப வேணாங்கிறியா?"

அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

சிவப்பு மெதுவாக வடிந்தது. ஒரு காலை, தர்சினியின் அப்பா நீட்டிய விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. மூன்று என்றேன். அவர் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்வை திரும்பியது, கண்மணி திரும்பவில்லை. இடது கண்ணின் கறுப்பு வட்டம் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிட்டது. இனிச் சுருங்காதாம். வெயில் பட்டால் வலிக்கும். கல்யாண ஆல்பம் முழுக்க ஒரு கண் சாதாரணமாகவும், மற்றது பேயைக் கண்டதுபோலவும் இருக்கிறது.

புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கேட்கத் தயங்குவார்கள். மாமியார் தேத்தண்ணியை நீட்டியபடி அவரே சொல்லிவிடுவார்: "எங்கட மருமகன். ஒரு கண் எங்களுக்குப் பழகீட்டுது. மற்றது இன்னும் எங்களைக் கண்டு பயந்துகொண்டுதான் கிடக்கு."